கட்டுப்பாட்டுக் குழுவின் தீர்மானங்கள்

ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டையில் இருந்த காற்று புஸ்ஸென்று இறங்கி முடிந்தது. முள் காட்டிய எண்ணை சிஸ்டர் இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். நூற்று இருபத்தாறு. ஆறு வாரத்துக்கு முன்னால் இதே கை, இதே நாற்காலி, இதே கருவி. அன்றைக்கு நூற்று ஐம்பத்திரண்டு. "அண்ணே, அந்தக் கையைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். அந்தக் கையில் நூற்று இருபத்துநான்கு. கருவியைத் தட்டிப் பார்த்தாள், ரப்பர் குழாயை நீவிப் பார்த்தாள், தன் காதிலேயே ஏதும் கோளாறோ என்று ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை பழைய கையிலேயே பார்த்தாள், மறுபடியும் நூற்று இருபத்தாறுதான் வந்தது.

"நல்லா இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டார் கையைக் கொடுத்திருந்த டிரைவர்.

"நல்லாத்தான் இருக்குண்ணே" என்றாள் அவள், துக்கம் விசாரிக்க வந்தவளின் குரலில்.

உலகத்தில் எந்த நர்ஸுக்கும் வந்திருக்காத வருத்தம் இது. ஒரு மனுஷனின் ரத்த அழுத்தம் மருந்தில்லாமல் மாத்திரையில்லாமல் இருபத்தாறு புள்ளி இறங்கியிருக்கிறது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய சேதி. ஆனால் இந்த மனுஷனுக்கு இறங்கக் கூடாது. ஏறவும் கூடாது. இவரும், டிப்போவின் ஓய்வறையில் சுவரோரமாக வரிசைகட்டி உட்கார்ந்திருக்கும் மற்ற இருபத்தொன்பது டிரைவர்களும் பன்னிரண்டு வாரத்துக்கு எப்போதும் போல, எதுவும் செய்யாமல், சும்மா இருக்க வேண்டும். அவள் அவர்களிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். சும்மா இருப்பது அவ்வளவு பெரிய வேலையா, நீங்களே சொல்லுங்கள்!

பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருப்பவள் அவள். வார்டில் நின்று நின்று கணுக்கால் இரண்டும் சாயங்காலமானால் வீங்கிப் போகும். நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாகி, நாற்காலியில் உட்கார்ந்து நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு ஆராய்ச்சிப் பட்டம் வேண்டும். பதிவு செய்து ஆறு வருடம் ஓடிவிட்டது. மூன்று தடவை அவகாசம் வாங்கியாயிற்று. மூன்றாவது தடவை பல்கலைக்கழகம் 'இதுவே இறுதி' என்று அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. இந்த வருடம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருட உழைப்பும் அம்போ.

ஆய்வு என்னவோ சுலபமானதுதான். பஸ் டிரைவர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தால் ரத்த அழுத்தம் குறையுமா? நகரத்தின் வடக்குக் கோடியில் ஒரு டிப்போ, தெற்குக் கோடியில் ஒரு டிப்போ. வடக்கில் முப்பது பேருக்கு வாராவாரம் தன் விடுமுறை நாளில் போய் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். தெற்கில் முப்பது பேருக்கு ஒன்றுமே கிடையாது. முதல் வாரம், ஏழாவது வாரம், கடைசி வாரம் என்று மூன்று தடவை இரண்டு பக்கமும் அழுத்தம் பார்க்க வேண்டியது. வடக்கு இறங்கி, தெற்கு இருந்தபடியே இருந்தால் இறக்கியது மூச்சுப் பயிற்சிதான் என்று ஆகிவிடும். இரண்டு பக்கத்தாரும் பேசிக் கலந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை தொலைவில் தேடிப் பிடித்திருந்தாள்.

இன்றைக்கு ஏழாவது வாரம். காலையில் வடக்கில் பார்த்துவிட்டு வந்தாள். ஆறு வாரம் மூக்கால் இழுத்து வாயால் விட்ட முப்பது பேருக்கும் சராசரியாக இரண்டு புள்ளி ஏறியிருந்தது. சரி, தெற்கில் இன்னும் ஏறியிருக்கும், சமாளித்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் இங்கே வந்து பையைத் திறந்தாள். முப்பதாவது ஆளின் கையிலிருந்து பட்டையைக் கழற்றிவிட்டுத் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தெற்கு, சராசரியாகப் பதின்மூன்று புள்ளி இறங்கியிருந்தது.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க" என்றாள் அந்த முதல் டிரைவரிடம். "வடக்கு டிப்போல இருந்து யாராச்சும் வந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தாங்களா?"

அவரைத் தெற்கு டிப்போவில் எல்லோரும் 'அப்பீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிற்சங்கச் செயலாளர். பஸ் ஓட்டுவது தொழில், மனு எழுதுவது உயிர். கேன்டீன் டீயில் எறும்பு மிதந்ததற்கு மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி, அவருக்கும் மேலே என்று நான்கு படி ஏறி அப்பீல் போட்டு, கடைசியில் ஒரு வடிகட்டி வாங்க வைத்தவர். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வடக்கா? அவனுங்ககிட்டப் போயி நாங்க மூச்சு வாங்கணுமா? என்ன சிஸ்டர் பேசறீங்க!"

"பின்ன எப்படிண்ணே இறங்குச்சு? நான்தான் சும்மா இருங்கன்னு சொல்லியிருந்தேனே?"

முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டும் நேரமெல்லாம் ஒலிப்பானிலிருந்து கை எடுக்காததால் 'ஹாரன்' என்று பேர் வாங்கிய டிரைவர், "சொல்லிடுங்கண்ணே, சிஸ்டர்தானே" என்று முனகினார். அப்பீல் எழுந்து போய்த் தன் அலமாரியைத் திறந்து, அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதன் மேல் அழகான கையெழுத்தில் 'தீர்மானப் புத்தகம்' என்று எழுதியிருந்தது.

"நாங்க கட்டுப்பாட்டுக் குழு இல்லையா சிஸ்டர்?"

"ஆமாண்ணே."

"எங்க பிரஷர் அட்டையில நீங்களே அப்படித்தான் சீல் குத்தியிருக்கீங்க. முதல் நாள் அதைப் பாத்துட்டு எல்லாருக்கும் கோவம்னா கோவம். வடக்குக்காரன் ஆடாத ஆட்டமா? அவனையெல்லாம் விட்டுட்டு நம்மளைப் போயி கட்டுப்படுத்தணும்னு எழுதியிருக்காங்களேன்னு. நான் அப்பீல் எழுதவே உக்காந்துட்டேன். எழுதறப்பதான் தோணுச்சு. ஏன் அப்படி எடுத்துக்கணும்? கட்டுப்பாடா இருக்கக்கூடிய ஆளுங்கன்னு நம்பித்தானே அந்தப் பொண்ணு நம்மளைப் பொறுக்கி எடுத்திருக்கு? அந்த நம்பிக்கையைக் காப்பாத்தணுமா இல்லையா? அன்னைக்கே பொதுக்குழு கூட்டிட்டோம்."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்டுவைக்கிற குழுவுக்கு ஆராய்ச்சிப் புத்தகங்களில் போட்டிருக்கிற பெயர் அது, அவ்வளவுதான். அதற்கும் உண்மையான கட்டுப்பாட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் புத்தகம் படிக்காத மனுஷன் அந்த வார்த்தையை வேறு எப்படித்தான் படிப்பான்? அவள் நோட்டைப் புரட்டினாள்.

உறுப்பினர் எவரும் சாப்பாட்டில் மேலுப்புப் போட்டுக்கொள்வதில்லை, கேன்டீன் மேசைகளில் உள்ள உப்புக் குப்பிகள் இன்று முதல் சமையலறைக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன என்று முதல் தீர்மானம். டீ நாளைக்கு இரண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது மூன்று நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடப்பது. குறுக்கே வந்து விழும் இருசக்கர வாகன ஓட்டிகளின் தாயாரைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. இதற்கெல்லாம் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கையெழுத்து. மீறுகிறவர் எல்லோர் முன்னிலையிலும், வண்டி நேரம் தவறினால் எரிந்து விழும் டைம்கீப்பரைப் பார்த்து 'நீங்க சொன்னதுதான் சார் சரி' என்று சொல்ல வேண்டும். இந்தத் தண்டனைக்குப் பயந்து ஆறு வாரத்தில் இரண்டே இரண்டு மீறல்தான் நடந்திருந்தது, இரண்டும் ஹாரனுடையது. இரண்டாவதற்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: 'தாயாரைப் பற்றிப் பேசவில்லை, மாமனாரைப் பற்றித்தான் பேசினேன் என உறுப்பினர் வாதிட்டார். வாதம் ஏற்கப்படவில்லை.'

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போக ஏறிய பஸ்ஸை ஓட்டியது வடக்கு டிப்போக்காரர் ஒருவர். 'எக்ஸ்பிரஸ்' என்று பேர். சைக்கிளுக்குக்கூட வழிவிட்டு ஓட்டுவார் என்பதால் கேலியாக வைத்த பேர் அது. கடைசி நிறுத்தத்தில் கூட்டமெல்லாம் இறங்கிய பிறகு சிஸ்டர் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்களாச்சும் உண்மையைச் சொல்லுங்கண்ணே. மூச்சுப் பயிற்சி பண்றீங்களா, இல்லையா?"

"உங்க மேல சத்தியமா பண்றேன் சிஸ்டர். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஆனா பண்றப்பவே நெஞ்சு அடிச்சுக்குது."

"ஏன்?"

"என்னைச் சோதனைக் குழுல போட்டுட்டீங்களே" என்றார் எக்ஸ்பிரஸ். கண் கலங்கியிருந்தது. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு சின்னக் கீறல் கிடையாது வண்டிக்கு. எவன் கண்ணு பட்டுச்சோ, எனக்குன்னு வந்துச்சு பாருங்க இந்தச் சோதனை. வீட்டுல சொன்னேன். உங்களை மட்டும் எதுக்குங்க சோதிக்கறாங்கன்னு அவ ஒரே அழுகை. இதுல தேறாதவனை வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டுல கூட்டிப் பெருக்க விட்டுடுவாங்களாமே? வாராவாரம் உங்க பையைப் பாத்தாலே எங்க முப்பது பேருக்கும் படபடன்னு வருது சிஸ்டர்."

பரிசோதனையைத்தான் சீலில் சோதனை என்று சுருக்கியிருந்தது. சுருக்கிய இரண்டு எழுத்தில் முப்பது குடும்பங்களின் நிம்மதி போயிருக்கிறது. "அய்யோ அண்ணே, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று அவள் சொல்லச் சொல்ல, எக்ஸ்பிரஸ் மரியாதைக்காகத் தலையை ஆட்டினாரே தவிர, ஒரு வார்த்தையையும் நம்பவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

இத்தனைக்கும் காரணமான மனுஷன் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சிஸ்டரின் கணவர் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். முத்திரை விழாத தாள் அவரைப் பொறுத்தவரை வெறும் பொட்டலக் காகிதம். 'அ', 'ஆ' என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். அவர் கேட்டால்தானே? அவளுடைய பிறந்தநாளுக்கு மரக் கைப்பிடி போட்ட இரண்டு ரப்பர் சீல்களைச் செய்து, சிவப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவர் தானாக யோசித்து வாங்கிய முதல் பரிசு. அந்தச் சந்தோஷத்தில் அவளும் அறுபது அட்டையிலும் பச்சக் பச்சக்கென்று குத்தித் தள்ளிவிட்டாள்.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"இதுக்குப் போயி ஏன் அழறே? புது அட்டையில சீலை மாத்திக் குத்திடு. இறங்கினவங்க சோதனைக் குழு, இறங்காதவங்க கட்டுப்பாட்டுக் குழு. சோலி முடிஞ்சுது."

"வெங்காயத்தை உரிங்க" என்றாள் அவள்.

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே போய்ப் புது அட்டைக் கட்டைக் கையில் எடுத்துப் பார்க்கத்தான் செய்தாள். யாருக்குத் தெரியப் போகிறது? மூச்சுப் பயிற்சி செய்தவர்கள் தெற்கு என்று ஒரு வரி மாற்றினால் போதும். ஆறு வருடம், வீங்கின கணுக்கால், நாற்காலி எல்லாம் ஒரு வரியில் அடங்கிவிடும். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு தன்னை நினைத்தே அசிங்கமாக இருந்தது. நாளைக்கு எந்த ஊரிலாவது எவனாவது அதைப் படித்துவிட்டு நோயாளிக்கு மாத்திரைக்குப் பதில் மூச்சை இழுத்து விடச் சொன்னால்? அட்டைக் கட்டைப் பீரோவுக்கு மேலே எட்டாத இடத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் வழிகாட்டிப் பேராசிரியையைப் பார்க்கப் போனாள். பேராசிரியைக்கு முப்பத்துநான்கு வயது. சிஸ்டரைவிட ஒன்பது வயது சின்னவள். ஆனால் அவள் அறைக்குள் நுழைந்தால் அறுபது வயது ஆளும் கைகட்டித்தான் நிற்பார். மாணவர்கள் அவளுக்கு வைத்த பேர் செல்லாதம்மா. யார் என்ன கொண்டுபோனாலும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "செல்லாது" என்பாள். எதனால் செல்லாது என்பதற்கு அவளிடம் எப்போதும் குறைந்தது ஆறு காரணம் இருக்கும்.

"குழுவோட பேரை அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லலை மேடம். சீல் குத்தினேன்."

"சீலா!" என்றாள் செல்லாதம்மா. பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "எந்தக் குழுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, செல்லாது. தெரிஞ்சதும் ஒரு பக்கம் போட்டி போட்டிருக்காங்க, செல்லாது. இன்னொரு பக்கம் பயந்து நடுங்கியிருக்காங்க, உங்க பையைப் பாத்தே பிரஷர் ஏறுதுன்னா நீங்க அளந்தது பயத்தை, அது சுத்தமா செல்லாது. சும்மா இருக்க வேண்டியவங்க..." இங்கே அவள் தீர்மானப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் வாதத்துக்கு வந்ததும் அவளுடைய தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அவள் சிரித்து சிஸ்டர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"இன்னும் அஞ்சு வாரம் இருக்குல்ல? நேரா போங்க. ரெண்டு டிப்போலயும் அர்த்தத்தை விளக்கிச் சொல்லிடுங்க. வடக்குல பயம் போச்சுன்னா இறங்கிடும். தெற்குல கட்டுப்பாடு எதுவும் தேவையில்லைன்னு தெளிவா சொன்னாப் போதும், மத்ததை மனுஷ இயல்பு பாத்துக்கும். அஞ்சு வாரத்துல உப்பும் திட்டும் பழையபடி வந்துடும். நடந்ததை மறைக்காம ஒரு பக்கம் எழுதிடலாம், தேர்வாளர் ஒத்துக்குவாரு. இதுல ஏமாத்து எதுவும் இல்ல. அவங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்பச் சொல்லப் போறீங்க."

"சொல்லலைன்னா?"

"தெற்கு இறங்கினது இறங்கினதுதான். உங்க ஆய்வு செல்லாது. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க உங்களுக்கு வருஷம் இல்ல."

நியாயமான பேச்சு, ஒரு குறை சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லச் சொல்கிறாள், அவ்வளவுதானே? ஆனாலும் சிஸ்டருக்கு அந்த வாரம் முழுக்க வார்டில் வேலை ஓடவில்லை. நோயாளிகளுக்கு அழுத்தம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இறங்கியிருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் திக்கென்றது. தெற்கில் ஏற வேண்டும், நன்றாக ஏற வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருப்பவள் இங்கே எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறாள்?

வடக்கில் வேலை சுலபமாக முடிந்தது. சோதனை என்றால் பயிற்சிக்குத்தானே ஒழிய உங்களுக்கு இல்லை, ஒருத்தரையும் வண்டியிலிருந்து இறக்க மாட்டார்கள் என்று டிப்போ மேலாளரையே பக்கத்தில் நிறுத்தி எழுத்தில் வாசித்துக் காட்டினாள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். ஏழு வாரத்தில் அவர்கள் ஒழுங்காகச் செய்த மூச்சுப் பயிற்சி அது ஒன்றுதான். சும்மா ஒரு தடவை பார்க்கலாமே என்று எக்ஸ்பிரஸ் கையில் பட்டையைச் சுற்றினாள். பதினெட்டு புள்ளி இறங்கியிருந்தது. இனி தெற்கு ஒன்றுதான் பாக்கி.

மத்தியானம் தெற்கு டிப்போ ஓய்வறைக்குள் நுழைந்தபோது முப்பது பேரும் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். சிஸ்டர் ஏதோ முக்கியமாகப் பேச வருகிறாராம் என்று அப்பீல் பெஞ்சையெல்லாம் திருப்பிப் போட்டு வைத்திருந்தார். பாதிப் பேர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நிலையில் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

மனப்பாடம் செய்து வந்ததைக் கடகடவென்று ஒப்பித்தாள். கட்டுப்பாட்டுக் குழு என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குழு. நீங்கள் எந்தக் கட்டுப்பாடும் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. எப்போதும் எப்படி இருப்பீர்களோ அப்படி இருந்தால் போதும். சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைதட்டல் கேட்கும், உப்புக் குப்பிகள் திரும்பி வரும், ஹாரன் முதல் ஆளாக வெளியே ஓடி எவனுடைய தாயாரையாவது விசாரிப்பார் என்று எதிர்பார்த்தாள்.

திறந்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை ஒவ்வொருவராக மூடி வைத்தார்கள்.

"சும்மா இருக்கறதுக்கா சிஸ்டர் ஒரு பேரு, ஒரு சீலு?" என்று ஹாரன்தான் கடைசியில் கேட்டார்.

"ஆமாண்ணே. என் தப்புதான்."

பணி விதிகளின் அடிக்குறிப்பைப் படிக்கிறபோது வருகிற சுருக்கம் அப்பீலின் நெற்றியில் விழுந்திருந்தது. மெதுவாக எழுந்தார்.

"போன வாரம் என் கையைப் பிடிச்சுப் பாத்தீங்க. இறங்கியிருக்குன்னதும் உங்க மூஞ்சி செத்துப் போச்சு. நான் பாத்தேன். அப்பவே நினைச்சேன், இதுல ஏதோ இருக்குன்னு. நாங்க இறங்கினதால உங்களுக்கு என்ன சிஸ்டர் ஆச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"மூணு தடவை பொதுக்குழுல என்னை ஜெயிக்க வெச்சிருக்காங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்குத் தெரியும்."

அவளுக்கு அதற்கு மேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை. ஆறு வருடத்தையும் சொல்லிவிட்டாள். நீங்கள் சும்மா இருந்திருந்தால் எனக்குப் பட்டம், நீங்கள் நன்றாக ஆகிவிட்டீர்கள், அதனால் எனக்கு இல்லை. சொல்லும்போதே அதன் அபத்தம் அவளுக்குப் புரிந்து, அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. டிரைவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நடு ரோட்டில் யாரையோ இடித்துவிட்டவர்கள் மாதிரி பேயறைந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு இப்பல்லாம் தலைவலி வர்றதே இல்ல சிஸ்டர்" என்றார் ஹாரன், எச்சிலை விழுங்கிக்கொண்டு. "மன்னிச்சுக்கங்க."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு!"

"இருக்கு" என்றார் அப்பீல். "அவசரக் கூட்டம். எல்லாரும் இங்கதானே இருக்கீங்க? சிஸ்டர் படிப்பு முடியற வரைக்கும் தீர்மானம் ஒண்ணு முதல் நாலு வரை நிறுத்தி வைக்கணும்னு நான் முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்றன ஏழெட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"நீங்க சும்மா இருங்க சிஸ்டர். எத்தனை புள்ளி ஏத்தணும்? எனக்குப் பழைய நூத்தம்பத்திரண்டு போதுமா, இல்ல கூட ஒரு பத்து சேத்துத் தரட்டுமா?"

"நான் நூத்தி எழுபது வரைக்கும் போவேன்" என்றார் ஹாரன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வாசலில் நிற்கும் டைம்கீப்பரைப் பார்த்துப் பல்லைக் கடித்து, இப்போதே வேலையைத் தொடங்கிவிட்டார். பின் பெஞ்சில் இரண்டு பேர் நடையை நிறுத்துவதா, டீயைக் கூட்டுவதா, எது சீக்கிரம் ஏற்றும் என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ கேன்டீன் சமையலறைக்கு ஓடினார். அவள் 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்வது அந்தக் கூச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. அவர்கள் எல்லோர் முகத்திலும் ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்து முடிக்கிறவர்களின் தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஐந்து வாரம் இவர்களை இப்படியே விட்டால் போதும். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். பேசாமல் பையை மூடிக்கொண்டு நடையைக் கட்டினால் போதும்.

ஓடிப்போனவர் ஒரு பெரிய உப்பு ஜாடியோடு வந்தார். அப்பீல் அதற்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். ஆறு வாரமாகத் தொடாத உப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சிஸ்டர் பட்டத்துக்கு" என்று சொல்லி, அண்ணாந்து, பிடியை வாய்க்கு நேராகக் கொண்டுபோனார்.

சிஸ்டர் இரண்டு பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. மூடிய விரல்களின் இடுக்கிலிருந்து உப்பு பொலபொலவென்று அவர் மீசையிலும் சட்டைப் பையிலும் அவள் முழங்கையிலும் உதிர்ந்தது. அறையில் ஒவ்வொரு குரலாக அடங்கியது. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவளுடைய மூன்று விரல்களும் தாமாகவே நகர்ந்து, அவர் கட்டைவிரலுக்குக் கீழே நாடி ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து அமர்ந்துவிட்டன. நிதானமாக, சீராக, ஒரு அவசரமும் இல்லாமல் அது துடித்துக்கொண்டிருந்தது. முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தபடி அவள் எண்ணத் தொடங்கினாள்.